முப்பத்தொன்பது லட்சத்தில் நாலு எழுத்து

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் புருஷன் இரண்டு பேராகத் தெரிந்தார்.

கட்டிலோரம் நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரையே என்னால மேய்க்க முடியல. இன்னொருத்தர எங்கருந்து கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள். அவர் சிரித்தார். இருபத்திரண்டு வருஷமாக அவள் பேச்சுக்குச் சிரித்தே பழகியவர். முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவளுடைய இமைகள் பாதியில் நின்றுவிட்டன. தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. நாக்கு தடித்துப்போன மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னதில் பாதிதான் அவருக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வார்டு டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். முந்தின நாள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். மெக்கானிக் ஒன்றுவிடாமல் சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளே உட்கார்ந்து பூண்டு உரித்து, பச்சையாகவே எண்ணெயில் போட்டு, இரண்டு பாட்டிலில் இறுக்கி மூடினாள். ஒன்றை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்தாள். இன்னொன்றைத் தங்கைக்குக் கொடுத்தாள். திங்கள் மத்தியானம் முதல் முறையாகத் திறந்து ரொட்டியில் தடவிச் சாப்பிட்டாள். அவர் தொடவில்லை. லிஃப்ட் கூண்டு ஆறடிக்கு ஐந்தடி. அதில் பூண்டு வாசனையோடு ஏறினால் கட்டடக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அவர் வேலை நாளில் பூண்டு சாப்பிடுவதில்லை.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "பொட்டுலிசம்னு பேரு. மண்ணுல இருக்கிற கிருமி. காத்து போகாத இடமாப் பாத்து உக்காந்து விஷம் கக்கும். மேலருந்து ஒவ்வொரு நரம்பா கட்டிக்கிட்டே கீழ இறங்கும். ஆனா புத்தி தெளிவா இருக்கும். காது நல்லாக் கேக்கும். அவங்க பக்கத்துல நின்னு பேசும்போது பாத்துப் பேசுங்க."

மருந்து இருக்கிறதா என்று அவர் கேட்டார்.

"இருக்கு. விஷமுறிவு மருந்து. ஆனா ஏற்கெனவே கட்டினத அது அவிழ்க்காது. இனிமே கட்டப்போறதத் தடுக்கும், அவ்வளவுதான். கட்டினது தானா அவிழ மாசக்கணக்குல ஆகும். அதனால இப்பவே போட்டா இப்போ இருக்கிறதாவது மிஞ்சும்."

மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. அது இயக்ககத்தின் நிலவறையில், குளிர் அறையில் இருந்தது. இயக்ககத்தின் முழுப்பெயர் உணவுவழி நச்சு மரபணு உறுதிப்பாட்டு இயக்ககம். முழுசாகச் சொல்ல ஒரு மூச்சு போதாது. அந்த வார்டில் மூச்சுக்குப் பஞ்சம் என்பதால் எல்லோரும் சுருக்கமாக இயக்ககம் என்றார்கள். நாலு வருஷத்துக்கு முன்பெல்லாம் டாக்டரம்மா ஒரு போன் போட்டால் ஒரு மணி நேரத்தில் யாராவது மருந்தைப் பையில் வைத்து எடுத்து வந்து கொடுத்துவிட்டுப் போவார்களாம். பிறகு இயக்ககத்துக்கு மரபணு வாசிக்கும் மெஷின் வந்தது. மெஷின் வந்த பிறகு எதையும் அது வாசிக்காமல் கொடுப்பது மரியாதையில்லை என்று ஆகிவிட்டது. நோயாளியின் உடம்பில் இருக்கும் கிருமியும் சாப்பாட்டில் இருக்கும் கிருமியும் ஒரே வம்சம் என்று ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால்தான் குளிர் அறை திறக்கும்.

"அந்தப் பாட்டில உடனே கொண்டுபோய்க் குடுங்க" என்றார் டாக்டரம்மா.

மெக்கானிக் வீட்டுக்கு ஓடினார். பாட்டில் அலமாரியில் இருந்தது. வெளியெல்லாம் எண்ணெய் வழிந்து, மூடியில் பிசுக்கு ஏறி, திறந்தால் ஒரு வீச்சம் அடித்தது. அவர் மனைவி சலவைக் கூடத்தில் இஸ்திரிப் பிரிவுக்குத் தலைவி. தன் வீட்டிலிருந்து ஒரு கைக்குட்டை கறையோடு வெளியே போனாலும் மூன்று நாள் சோறு இறங்காத பிறவி. இந்த அழுக்குப் பாட்டிலை ஒரு பெரிய ஆபீஸில் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால் அவள் மானம் என்ன ஆவது என்று அவருக்குத் தோன்றியது. மனுஷனுக்குப் பதற்றம் வந்தால் புத்தி எங்கெங்கோ போகும். இவருக்குப் பாத்திரம் தேய்க்கும் நாரின் பக்கம் போயிற்று. பூண்டையும் எண்ணெயையும் சாக்கடையில் கொட்டினார். சோப்பு போட்டு, வெந்நீர் ஊற்றி, உள்ளே துணியை விட்டுத் துடைத்து, பாட்டில் பளபளக்க எடுத்துக்கொண்டு போனார்.

இயக்ககம் ஏழு மாடி. கீழே வரவேற்பில் ஒரு குமாஸ்தா இருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு மரம் வரைந்திருந்தது. கிளைக்குக் கிளை சட்டம் போட்ட படங்கள், எல்லாம் கிருமிகளுடையவை. தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, பேரன் என்று கீழே எழுதியிருந்தது. அந்தக் கிருமிகள் யார் யார் உடம்பிலிருந்து வந்தனவோ, அவர்களுக்கு மரத்தில் இடமில்லை. பதிவேட்டில் அவர்களுக்குப் பேர் 'மாதிரி வழங்குநர்', அதாவது சாம்பிள் கொடுத்தவர்.

குமாஸ்தா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனம் குளிர்ந்துவிட்டது. "நாலு வருஷத்துல இவ்வளவு சுத்தமா ஒருத்தர் சாம்பிள் கொண்டு வந்து நான் பாத்ததில்ல" என்று சொல்லி, மேலே சீட்டு ஒட்டி, நன்னிலையில் பெறப்பட்டது என்று முத்திரை குத்தினார். மெக்கானிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துப் பிற்பாடு அவர் தலையில் அடித்துக்கொண்டது தனிக்கதை.

திரும்பும்போது லிஃப்ட் மேலே போகும் சத்தம் கேட்டது. மூன்றாவது மாடி தாண்டுகையில் ஒரு 'டக்'. தொழில்காரர் காது நிமிர்ந்தது. மோட்டாருக்கு மின்சாரம் விடும் ரிலேயின் முனை கருகிக்கொண்டிருக்கிறது, இன்றோ நாளையோ நடுவில் நிற்கும் என்று குமாஸ்தாவிடம் சொன்னார். லிஃப்டுக்குத் தனிப்படிவம் இருக்கிறது, மாதிரி வழங்குநரின் உறவினர்களுக்கு அது பொருந்தாது என்று பதில் வந்தது.

புதன்கிழமை காலையில் வம்சாவளி அதிகாரி அவரைக் கூப்பிட்டனுப்பினார். இளைஞர். கிருமிகளைப் பற்றிப் பேசும்போது சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல முகம் மலரும். பாட்டிலில் ஒன்றுமே இல்லை என்றார். கழுவினீர்களா என்று கேட்டார். மெக்கானிக் ஆமாம் என்றார். அதிகாரி வெகுநேரம் அவரையே பார்த்தார். ஒரு முழு வம்சத்தை மனுஷன் சாக்கடையில் விட்டுவிட்டு வந்து நிற்கிறானே என்ற துக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

மெக்கானிக் அங்கிருந்து நேரே மைத்துனி வீட்டுக்கு ஓடினார். அவளிடம் இரண்டாவது பாட்டில் பாதி இருந்தது. அவள் வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை. அவள் அந்தப் பூண்டை எப்போதும் குழம்பில் போட்டுக் கொதிக்க விட்டுத்தான் சமைப்பாள், கொதித்தால் விஷம் செத்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். "மாமா, இது போதுமா? அக்கா பொழைச்சுக்குவாளா?" என்று மட்டும் கேட்டாள் மைத்துனி. போதும் என்றார் அவர். பாட்டிலைத் துடைக்கக்கூட இல்லை. வழிகிற எண்ணெயோடு மார்பில் அணைத்துக்கொண்டு போனார். குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு முத்திரை குத்தினார்.

அன்று சாயங்காலம் மனைவிக்கு மூச்சு நின்று மெஷின் வைத்தார்கள். தொண்டையில் குழாய். இமை முழுசாக மூடிவிட்டது. கை விழுந்துவிட்டது. ஆனால் உள்ளே அவள் முழுசாக இருந்தாள் என்பதுதான் அவரால் தாங்க முடியாத விஷயம். தூங்குகிறவளிடம் உட்கார்ந்திருப்பது வேறு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பூட்டிக் கிடக்கிறவளிடம் உட்கார்ந்திருப்பது வேறு. என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் தொழிலில் தெரிந்ததைப் பேசினார். லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொன்னார்.

"பயப்படாத. நான் மேலதான் இருக்கேன். குரல் கேக்குதுன்னா ஒரு தட்டு தட்டு."

கட்டிலின் கால்மாட்டு இரும்புக் கம்பியில் 'டிங்' என்று ஒரு சத்தம். இடது காலின் பெருவிரல். அது மட்டும் இன்னும் அவள் சொன்னபடி கேட்டது. அவர் கால்மாட்டிலேயே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவளுக்குக் காது கேட்கும் அல்லவா.

அன்றிலிருந்து அந்த விரல்தான் அவர்களுடைய குடும்பம். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. தாகமா என்றால் ஒன்று. வலிக்கிறதா என்றால் இரண்டு. வலிக்கும்போதும் இரண்டுதான் தட்டுவாள், அது அவருக்குத் தெரியும். ஒருநாள், பாட்டிலைக் கழுவிய கதையை அவர் ஒப்புக்கொண்டபோது, விரல் நிற்காமல் தடதடவென்று தட்டியது. சிரிக்கிறாளா திட்டுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று டாக்டரம்மா சொன்னார். மருந்து வந்தால் இந்த விரல் மிஞ்சும் என்றும் சொன்னார்.

இனி நோயாளியின் கிருமி வேண்டும். அதற்கு மலம் வேண்டும். இந்த நோயில் குடலும் கட்டிப்போய்விடும் என்பதால் அது வருவதாக இல்லை. இயக்ககத்திலிருந்து மணிக்கொரு தரம் வார்டுக்குப் போன் வந்தது. "ஆச்சா?" என்று கேட்பார்கள். "இன்னும் இல்லை" என்று நர்ஸ் சொல்வாள். வியாழக்கிழமை துணை இயக்குநரே பேசினார். வெள்ளிக்கிழமை காலையில் இயக்குநர் கவலை தெரிவித்தார். ஒரு சலவைக்காரியின் மலத்துக்காக ஏழு மாடிக் கட்டடம் ஒன்று இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். டாக்டரம்மா குழாய் வைத்து, எனிமா கொடுத்து, வெள்ளி சாயங்காலம் காரியம் ஆயிற்று. மெக்கானிக் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போனபோது குமாஸ்தா எழுந்து நின்று வாங்கினார்.

மெஷின் வாசிக்க நாலு நாள் ஆகும் என்றார்கள். கண்ணாடி அறையில், திரைச்சீலைக்குப் பின்னால் அது இருந்தது. தினமும் பத்து மணிக்கு ஊழியர்கள் எல்லோரும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் எழுந்து நிற்பார்கள். அதற்குத் தூசி ஆகாது, வெயில் ஆகாது, அவசரம் ஆகாது.

திங்கட்கிழமை அவர் எப்படியோ கெஞ்சி இயக்குநரைப் பார்த்துவிட்டார். இயக்குநர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கெட்ட மனிதராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"உங்க கவலை எனக்குப் புரியுது" என்றார் இயக்குநர். "முன்னாடி இங்க என்ன நடந்துச்சு தெரியுமா? யாருக்காவது கண் சொருகினா உடனே மருந்தக் குடுத்துடுவாங்க. ஆள் எழுந்து வீட்டுக்குப் போயிடுவான். எந்தக் கிருமி, யாரோட பேரன், எங்கருந்து வந்தான், ஒண்ணுமே தெரியாது. வெறும் ஆள் பொழைச்சதோட சரி. அறிவியலுக்கு என்ன லாபம்? இப்போ அப்படியில்ல. போன வருஷம் நாலு கேஸ். நாலும் எதனால வந்துச்சுன்னு அக்குவேறு ஆணிவேறா எங்ககிட்ட இருக்கு."

"அந்த நாலு பேரும் எப்படி இருக்காங்க சார்?"

"அது வேற துறை" என்றார் இயக்குநர்.

மெக்கானிக் தனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைச் சொல்லிப் பார்த்தார். "எங்க வேலைல, லிஃப்ட் நின்னுபோச்சுன்னா முதல்ல உள்ள இருக்கிற ஆள வெளிய எடுப்போம் சார். எது கெட்டுச்சுன்னு அப்புறம்தான் பாப்போம்."

இயக்குநர் அன்பாகச் சிரித்தார். "அதனாலதான் அது தொழில். இது அறிவியல்."

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. வம்சாவளி அதிகாரி ஒரு நீளக் காகிதத்தை விரித்துக் காட்டினார். கிருமியின் மரபணுவில் முப்பத்தொன்பது லட்சம் எழுத்து. மனைவி உடம்பில் இருந்ததும் மைத்துனி பாட்டிலில் இருந்ததும் வரிக்கு வரி ஒத்துப்போயின. நாலு எழுத்தைத் தவிர.

"முப்பத்தொன்பது லட்சத்துல நாலுதானே சார்?"

"மூணு வரைக்கும் இருந்தா உடன்பிறப்பு. நாலுன்னா பங்காளி ஆயிடும். உடன்பிறப்புக்குத்தான் மருந்து. பங்காளிக்கு விதியில இடமில்ல."

மெக்கானிக் ஒரே அடுப்படி என்றார், ஒரே எண்ணெய் என்றார், இரண்டு பாட்டிலையும் மூடியது ஒரே கை என்றார். அதிகாரி வருத்தத்தோடு தலையாட்டினார். "உங்க சம்சாரம் சாப்பிட்ட பாட்டில் இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. அதத்தான் நீங்க கழுவிட்டீங்களே. இது தங்கச்சி வீட்டுப் பாட்டில். பதினஞ்சு நாள் தனிக்குடித்தனம் இருந்திருக்கு. கொஞ்சம் மாறத்தான் செய்யும்." ஆனாலும் நம்பிக்கையை விடவேண்டாம், புதன்கிழமை மூன்று மணிக்கு உறவு நிர்ணயக் குழு நாலாவது மாடியில் கூடுகிறது, அங்கே வைத்துப் பேசலாம் என்றார்.

அன்று வார்டில் விரலின் தட்டு மெலிந்துவிட்டது. கம்பியைத் தொடும், சத்தம் வராது. அவர் தன் உள்ளங்கையைக் கம்பிக்குப் பதில் வைத்துக்கொண்டார். இன்னும் ஒன்றிரண்டு நாள் என்றார் டாக்டரம்மா. டாக்டரம்மா இயக்ககத்துக்கு எழுதிய கடிதம் அதோடு பதினொன்று. எல்லாவற்றுக்கும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்திருந்தது.

புதன்கிழமை மெக்கானிக் இரண்டு மணிக்கே நாலாவது மாடி நடையில் போய் நின்றார். ஐந்து கையெழுத்துக்கு இடம் விட்ட படிவம் கையில். தோளில் எப்போதும் இருக்கும் கருவிப் பை. மூன்று மணிக்கு, சாப்பாட்டுக்குப் போன குழு முழுவதும் கீழே லிஃப்டில் ஏறியது. சத்தம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. 'டக்.' பிறகு சத்தம் இல்லை.

அவர் கை யோசிக்கவில்லை. பையிலிருந்து முக்கோணச் சாவியை எடுத்து நாலாவது மாடிக் கதவைத் திறந்தார். கூண்டு பாதியில் தொங்கியது. மேலே ஒரு சாண் இடைவெளி. அதில் ஐந்து முகங்கள் அண்ணாந்து பார்த்தன. உள்ளே விளக்கு அணைந்துவிட்டது, மின்விசிறி நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க. நான் மேலதான் இருக்கேன்" என்றார் வழக்கம்போல.

"என்னப்பா ஆச்சு?" என்று உள்ளிருந்து ஒருவர் கேட்டார். ரிலே போயிருக்கலாம், பிரேக்காகவும் இருக்கலாம், பார்க்கவேண்டும் என்று இவர் சொல்லத் தொடங்கினார்.

இயக்குநரின் குரல் நடுவில் வெட்டியது. அதில் அன்பு குறைந்திருந்தது. "முதல்ல எங்கள வெளிய எடுங்க. எது கெட்டுச்சுன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

மொட்டைமாடி மெஷின் அறைக்குப் போகக் கிளம்பிய மெக்கானிக் நின்றார். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத் தொழிலில், உள்ளே ஆள் இருக்க அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. செய்வது தப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. படிவத்தைச் சாண் இடைவெளியில் நீட்டினார்.

"நான் உங்கள மிரட்டல சார். என் சம்சாரத்துக்கு இன்னும் ஒரு விரல்தான் மிச்சம் இருக்கு. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாலு நிமிஷத்துல வெளிய எடுத்துடறேன்."

 கூட்டத்துக்கு வெளியே கையெழுத்துப் போட விதியில்லை என்றது ஒரு குரல். ஐந்து பேரும் இருப்பதால் இதுவே கூட்டம்தான் என்றது வம்சாவளி அதிகாரியின் குரல். அப்படியானால் சென்ற கூட்டத்தின் குறிப்பை முதலில் வாசிக்கவேண்டும் என்றது மூன்றாவது. இருட்டில் எப்படி வாசிப்பது? வாசித்ததாகக் கொள்ளலாமா? கொள்ளலாம். நாலு எழுத்தை என்ன செய்வது? வியர்வை கண்ணில் இறங்குகிறது. பங்காளியும் ஒருவகையில் உடன்பிறப்புதானே? ஆமாம், ஆமாம், எந்தக் குடும்பத்தில்தான் நாலு எழுத்து வித்தியாசம் இல்லை? எட்டு நாளாகத் தீராத விஷயம் ஆறு நிமிஷத்தில் தீர்ந்தது. ஐந்து கையெழுத்தோடு படிவம் வெளியே வந்தது.

அவர் மெஷின் அறைக்கு ஓடி, மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, சொன்னபடி நாலே நிமிஷத்தில் கூண்டை நாலாவது மாடிக்கு ஏற்றினார். ஐவரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. ஏழு மாடிப் படியையும் இறங்கி நிலவறைக்குப் போனார்.

குளிர் அறைக் காப்பாளர் கம்பளித் தொப்பி போட்டவர். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சின்னச் சின்னக் குப்பிகள் வரிசையாக நின்றன. மெக்கானிக் எண்ணிப் பார்த்தார், பதினெட்டு. ஒன்று போதும். காப்பாளர் கையெழுத்துகளைச் சரிபார்த்தார். முத்திரையைக்கூட எடுத்துவிட்டார். பிறகு ஒரு கட்டத்தில் விரல் நின்றது.

"கூட்டம் நடந்த இடம் எழுதலயே. எங்க நடந்துச்சு?"

"லிஃப்ட்ல."

"எந்த மாடி?"

நாலாவது மாடி என்று சொல்லியிருந்தால் போதும். மூன்றாவது என்றாலும் போதும். மனைவியைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்வதில் அவருக்கு மானப்பிரச்சினை ஒன்றும் இல்லை. ஆனால் லிஃப்ட் எங்கே நின்றது என்று யார் கேட்டாலும் சரியான இடத்தைச் சொல்லியே பழகிய வாய் அது. உள்ளே இருக்கிற ஆளின் உயிர் அந்தக் கணக்கில் இருக்கிறது.

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. மூணுலருந்து அஞ்சரை அடி மேல" என்றார்.

காப்பாளர் பேனாவை மூடினார். "மூணாவது மாடி உணவுப் பிரிவு. நாலாவது மாடி மனிதப் பிரிவு. நடுவுல நடந்த கூட்டத்துக்கு யார் பொறுப்பு? அங்க நமக்கு அதிகாரமே இல்லையே."

மெக்கானிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். காலைப் பிடித்தார். நாலாவது மாடி என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று கதறினார். காப்பாளருக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு, ஒருமுறை காதில் விழுந்துவிட்டதை விழவில்லை என்று எழுத முடியாது என்றார். கண்ணாடிக் கதவை உடைக்கலாமா என்று மெக்கானிக் ஒருகணம் கருவிப் பையைத் தொட்டார். உடைத்தால் குளிர் போய் எல்லாக் குப்பியும் கெட்டுவிடும் என்று காப்பாளர் சொன்னார். மற்ற பதினேழு பேரை நினைத்து அவர் கையை எடுத்துவிட்டார். அப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எந்த நிர்வாகமும் நூறு வருஷம் நடத்தலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, கேட்கிறதா என்று கேட்டார். உள்ளங்கையில் ஒன்றும் படவில்லை. இன்னொரு தடவை கேட்டார். கையை அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டார். விரல் அவர் கையில் அப்படியே கிடந்தது. அவள் உள்ளேயிருந்து பதில் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள், அது விரல் வரைக்கும் வந்து சேரவில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

வெள்ளிக்கிழமை மருந்து வந்தது. குழு நாலாவது மாடியில் முறைப்படி கூடி, நாலு எழுத்தில் ஒன்றை மெஷின்தான் தவறாக வாசித்துவிட்டது என்று கண்டுபிடித்திருந்தது. ஆகவே வித்தியாசம் மூன்று, ஆகவே உடன்பிறப்பு. அதாவது முதலிலிருந்தே உடன்பிறப்பு. இயக்குநர், வம்சாவளி அதிகாரி, குமாஸ்தா, ஒரு போட்டோக்காரர் எல்லோரும் வார்டுக்கு வந்தார்கள். ஐஸ் பெட்டியைக் குமாஸ்தா இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். டாக்டரம்மா வாங்கி ஊசியில் ஏற்றிப் போட்டார். தடுக்க இனி என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இயக்குநர் கட்டில் பக்கத்தில் நின்று பேசினார். "இது ஒரு மைல்கல். எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாம நிரூபிச்சுட்டோம். இந்தக் கிருமி அந்தப் பாட்டில்லருந்துதான் வந்தது. இந்த அம்மா வம்ச மரத்துக்கு ஒரு புதுக் கிளையே குடுத்திருக்காங்க." பூண்டு பாட்டில் என்பதை டாக்டரம்மா முதல் நாளே, டார்ச் அடித்து முடித்த கையோடு சொல்லியிருந்தார். அதை அவர் இப்போது சொல்லவில்லை.

பிறகு குமாஸ்தா ஒரு படிவத்தை எடுத்தார். நடைமுறையில் ஏதாவது குறை இருந்ததா என்று மாதிரி வழங்குநரிடம் நேரில் கேட்டுப் பதிவு செய்யவேண்டுமாம். குனிந்து, கேள்வியை மரியாதையாக, நிறுத்தி வாசித்தார். எல்லோரும் ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். மூச்சு மெஷின் மட்டும் ஏறி இறங்கியது. வழங்குநர் தரப்பில் ஆட்சேபனை எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு, சத்தம் போடாமல் கிளம்பிப் போனார்கள்.

மெக்கானிக் நாற்காலியைக் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு நகர்த்திப் போட்டார். இனி அங்கே வேலையில்லை. அவள் காதோரம் குனிந்தார்.

"நான் மேலதான் இருக்கேன்" என்றார். "கையாலதான் சுத்தணும். மாசக்கணக்கா ஆகும். நீ தட்ட வேணாம். கேட்டுக்கிட்டு இரு, அது போதும்."